கொயோட்டி வேட்டை: காரணமும் பயனும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியிலே, ரொக்கி மலைத்தொடரின் அடிவாரத்தே பரந்து கிடக்கும் புல்வெளிகளில், பொழுது சாய்ந்து இருள் படரத் தொடங்கியதும் ஓர் ஊளை எழும். முதலில் நாய் குரைப்பது போன்ற இரண்டொரு சிறு குரல். பின்னர் உயர்ந்து நடுங்கும் நீண்ட ஓலம். அதற்கு மறுமொழியாகத் தொலைவிலிருந்து வேறொரு குரல். இரண்டே விலங்குகள் கூவினும் பத்து விலங்குகள் திரண்டு நிற்பது போலக் கேட்போர் மயங்குவர். அது கொயோட்டி என்னும் விலங்கின் குரல்.

அக்குரலைக் கேட்போர் எல்லாரும் ஒரே பொருளை உணர்வதில்லை. ஈன்று இரண்டு நாளேயான குட்டிகளைக் கிடையில் வைத்திருக்கும் ஆட்டுக்காரனுக்கு அஃது இழப்பின் முன்னறிவிப்பு. துப்பாக்கியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கும் வேட்டைக்காரனுக்கு அஃது ஓர் அழைப்பு. நவஹோ இனத்து முதியவருக்கோ, குளிர்கால இரவுகளில் மட்டுமே சொல்லத்தக்கவை என அம்மக்கள் கொள்ளும் பழங்கதைகளின் நினைவு. விலங்கியல் அறிஞருக்கு அது, ஒரு குடும்பம் தன் எல்லையை அயலாருக்கு அறிவிக்கும் செய்தி.

இவ்விலங்கு அந்நாட்டில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கிலே கொல்லப்படுகின்றது. சுட்டும், பொறி வைத்தும், நாய்களை ஏவித் துரத்தியும், வானூர்தியிலிருந்து குறிபார்த்தும் கொல்கின்றனர். இத்துணை வேட்டைக்கும் காரணம் யாது? வேட்டையாடுவோர் எண்ணிய பயன் அவர்க்குக் கிட்டுகின்றதா? இவ்விரு வினாக்களும் வெவ்வேறானவை. முதல் வினாவுக்கு விடை கண்டதும் இரண்டாவதற்கும் விடை கண்டதாக எண்ணிக்கொள்வதே இவ்விடயத்தில் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்த பிழை.

முதலில் விலங்கினைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நேயர்கள் அறிந்த நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவம் உடையது கொயோட்டி. நிறையில் பெரும்பாலும் 20 முதல் 50 இறாத்தல் வரை இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த மயிர், கூரிய முகம், நிமிர்ந்த காது, ஓடும்போது தாழ்த்திய வால் ஆகியவை அதன் அடையாளங்கள். மெக்சிக்கோவின் பழங்குடி மொழியான நாவாட்டில் மொழியில் ‘கொயோட்ல்’ என வழங்கிய பெயரே இஸ்பானியர் வாயிலாக ஆங்கிலத்துக்கும் வந்தது. 1823 ஆம் ஆண்டிலே தோமஸ் சே என்னும் அமெரிக்க இயற்கையியலாளர் அதற்கு ‘கானிஸ் லற்றான்ஸ்’ என்னும் இலத்தீன் பெயரை இட்டார். குரைக்கும் நாய் என்பது அதன் பொருள். எலி, முயல், வெட்டுக்கிளி, செத்த விலங்கின் ஊன், பழம், தருணம் வாய்த்தால் மான்குட்டி, ஆட்டுக்குட்டி என எதனையும் உண்டு வாழ வல்லது. தமிழ்க் கதைகளிலே நரி எத்தகைய தந்திரசாலியோ அத்தகைய தந்திரசாலியாகவே அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதைகளில் கொயோட்டி வருகின்றது. உலகை ஆக்குவதில் பங்கு கொள்வதும் அதுவே. தன் பேராசையால் அவமானப்பட்டு நிற்பதும் அதுவே.

நிற்க. வேட்டைக்குரிய காரணங்களுள் தலையாயது ஆடு. கொயோட்டி செம்மறியாட்டைக் கழுத்தின் கீழ்ப்புறத்திற் கடித்து, மூச்சை அடைத்துக் கொல்லும். வசந்த காலத்திற் பிறக்கும் குட்டிகளே ஆட்டுப் பண்ணையின் ஆண்டு வருவாய். கொயோட்டியும் அக்காலத்திலேயே ஈனுவதால், தன் குட்டிகளுக்கு இரை தேடும் பெற்றோர்க்கு ஆட்டுக்குட்டி எளிதில் அகப்படும் பொருளாகின்றது. அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் கணக்கெடுப்புகளின்படி, ஊனுண்ணி விலங்குகளால் மாளும் ஆடுகளுள் பாதிக்கு மேற்பட்டவை கொயோட்டிகளாலேயே மாள்கின்றன. நோய், கடுங்குளிர், ஈனும்போது நேரும் இடர் ஆகியவற்றால் மாளும் ஆடுகள் இவற்றினும் மிகுதி என்பதும் அக்கணக்குகளிலே உண்டு. ஆயினும் இழப்பு எல்லாப் பண்ணைகளுக்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை. பத்துப் பண்ணைகளில் ஒன்றும் நேராதிருக்க, பதினோராவது பண்ணைக்காரன் ஒரே பருவத்தில் பல குட்டிகளை இழந்து கடனாளியாவான். நாடு முழுவதற்குமான சராசரியைக் காட்டி அவனைத் தேற்ற முடியாது. விடியற்காலையிலே தாயாடு கதறிக்கொண்டு தன் குட்டியின் உடலைச் சுற்றிவரக் கண்டவன் துப்பாக்கியைத் தேடுவதில் வியப்பில்லை. அவன் சினம் பொய்ச் சினம் அன்று.

இரண்டாவது காரணம் மான். மேற்கு மாநிலங்களில் வாழும் பெருங்காது மான்களை வேட்டையாடி உண்போர் பலர். கொயோட்டி மான்குட்டிகளைத் தின்கின்றது. ஆதலின் கொயோட்டியைக் குறைத்தால் மான் பெருகும் என்பது அவர்கள் கருத்து. யூட்டா மாநிலம் 2012 ஆம் ஆண்டிலே இதனைச் சட்டமாக்கி, கொல்லப்படும் கொயோட்டி ஒன்றுக்கு 50 டொலர் பரிசளிக்கத் தொடங்கிற்று.

மூன்றாவது காரணம் தோல். குளிர்காலத்தில் அடர்ந்து வளரும் அதன் மயிர் குளிர்ச்சட்டைகளின் தலைமூடி ஓரத்திலே தைப்பதற்கு ஏற்றது. 1970 ஆம் ஆண்டுகளில் அத்தோலின் விலை ஏறியது. கிராமப்புறத்துப் பொறிவைப்போர்க்குக் குளிர்கால வருவாயாக அமைந்தது. அண்மைக் காலத்தில் மீண்டும் அத்தகைய கேள்வி எழுந்தது. பின்னர் மக்கள் மனம் மாறியது. புகழ்பெற்ற குளிர்ச்சட்டை நிறுவனங்களுள் ஒன்று, மயிர்த்தோலைக் கைவிடுவதாக 2021 ஆம் ஆண்டில் அறிவித்தது.

நான்காவது காரணம் பொழுதுபோக்கு. முயல் வேதனையிற் கதறுவது போன்ற ஒலியை ஊதுகுழலால் எழுப்பி, மறைந்திருந்து, அவ்வொலியை நாடி வரும் கொயோட்டியைச் சுடுவது ஒரு கலையாகவே பயிலப்படுகின்றது. காற்றின் போக்கை அறிதலும், அசையாதிருத்தலும், விலங்கின் அறிவோடு மனிதன் தன் அறிவை ஒப்பிட்டுப் பார்த்தலும் அதிலே அடங்கும். மானுக்கும் வாத்துக்கும் வேட்டைப் பருவமும் எண்ணிக்கை வரம்பும் வகுத்துள்ள மாநிலங்களிற் பல, கொயோட்டிக்கு எவ்வித வரம்பும் வகுக்கவில்லை. ஆண்டு முழுவதும் எத்தனையும் கொல்லலாம். குறித்த நாட்களில் மிகுதியாகக் கொன்றவர்க்குப் பரிசளிக்கும் போட்டிகளும் பலவிடங்களில் நிகழ்ந்தன.

ஐந்தாவது காரணம் அச்சம். கொயோட்டி இந்நாளில் நகரங்களிலும் வாழ்கின்றது. வீட்டுப் பூனையையும் சிறு நாயையும் கவர்ந்து செல்கின்றது. மனிதரைத் தாக்குவது மிக அரிது. அதனால் மனிதர் மாண்டதாக உறுதியாகப் பதிவான நிகழ்ச்சிகள் இரண்டே: 1981 இற் கலிபோர்னியாவில் ஒரு குழந்தை, 2009 இற் கனடாவின் கேப் பிரெற்றன் தீவில் ஓர் இளம்பெண். அரிதாயினும் அத்தகைய செய்தி மக்கள் மனத்தில் நெடுநாள் நிற்கும். பின்னைய நிகழ்ச்சிக்குப் பின் நோவா ஸ்கோஷியா மாகாண அரசு, பொறிவைப்போர் கொண்டுவரும் கொயோட்டித் தோல் ஒன்றுக்கு 20 டொலர் வழங்கியது.

இவ்வைந்துக்கும் அடியிலே ஆறாவதொன்று மறைந்து கிடக்கின்றது, அது வெறுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிக் குடியேறிய வெள்ளையர் கண்களுக்குக் கொயோட்டி கோழையாகவும், திருடனாகவும், இழிந்த விலங்காகவும் தோன்றியது. மார்க் ட்வெயின் 1872 இல் வெளியிட்ட பயண நூலொன்றில் அதனை எள்ளி நகையாடி எழுதினார். படித்தவர் பலரும் அவ்வாறே எண்ணினர். பழங்குடி மக்கள் கதை சொல்லி மகிழ்ந்த அதே விலங்கு, குடியேறியோர் கையில் ‘பீடை’ எனப் பெயர் பெற்றது. ஒரு விலங்குக்குப் பீடை என்று பெயரிட்டுவிட்டால், அதன்பின் எத்தனை கொல்ல வேண்டும், எதனைக் கொல்ல வேண்டும் என்னும் வினாக்கள் எழுவதில்லை.

வெறுப்பு தனிமனிதர் அளவில் நின்றுவிடவில்லை. அரசின் கொள்கையாகவும் வளர்ந்தது. புல்வெளிகளில் வாழ்ந்த காட்டெருமைக் கூட்டங்கள் 1880 ஆம் ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டன. இரை இழந்த ஓநாய்கள் மாடுகளின் மேற் பாய்ந்தன. அவற்றைக் கொல்ல ஊனிலே நஞ்சு வைத்தனர். அந்நஞ்சு, நேயர்கள் நன்கறிந்த எட்டி மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் ஸ்ட்ரிக்னைன் ஆகும். 1915 இல் அமெரிக்கப் பாராளுமன்றம் ஓநாய், கொயோட்டி முதலியவற்றை ஒழிக்கும் பணிக்கு 1,25,000 டொலர் ஒதுக்கிற்று. 1931 ஆம் ஆண்டுச் சட்டம் அப்பணியை நிலையானதாக்கியது. 1940 ஆம் ஆண்டுகளில் ‘ஆயிரத்து எண்பது’ என்னும் இலக்கத்தாற் பெயர் பெற்ற புதியதொரு கடும் நஞ்சும் சேர்ந்துகொண்டது. நஞ்சு வைத்த ஊனைக் கொயோட்டி மட்டுமா உண்ணும்? கழுகும், நரியும், பண்ணை நாயும் உண்டு மடிந்தன.

அறிஞர் சிலர் அந்நாளிலேயே எச்சரித்தனர். யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவில் அடோல்ஃப் மியூரி என்னும் உயிரியலாளர் கொயோட்டியின் எச்சத்தை ஆயிரக்கணக்கிற் சேர்த்துப் பகுத்தாராய்ந்து, அதன் உணவிற் பெரும்பகுதி எலியும் அதுபோன்ற சிறு விலங்குகளுமே என்றும், பூங்காவின் மான் கூட்டங்களுக்கு அதனாற் பெருங்கேடு இல்லை என்றும் 1940 இல் எழுதினார். அவர் முடிவு பலருக்கு இனிக்கவில்லை. 1972 ஆம் ஆண்டிலே குடியரசுத் தலைவர் நிக்சன், கூட்டரசுக்குரிய நிலங்களில் ஊனுண்ணிகளுக்கு நஞ்சு வைப்பதைத் தடைசெய்தார். அத்தடை பின்னர் தளர்த்தப்பட்டது. சயனைட்டு நஞ்சை வெளியே தெறிக்கும் பொறிகள் மீண்டும் நிலத்தில் நடப்பட்டன. 2017 இல் ஐடாகோ மாநிலத்தில் அத்தகைய பொறியொன்றைச் சிறுவன் ஒருவன் அறியாது தொட, அவன் நாய் அவன் கண்முன்னே இறந்தது. அவனும் நஞ்சினாற் பாதிக்கப்பட்டான்.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்த இப்போரின் விளைவு யாது? ஓநாய் ஏறத்தாழ நாடெங்கும் அழிந்தது. கொயோட்டியோ அழியவில்லை, பரவிற்று. முன்னாளில் மேற்குப் புல்வெளிகளுக்கும் வறண்ட நிலங்களுக்கும் உரியதாயிருந்த அவ்விலங்கு, இன்று ஹவாய்த் தீவுகள் நீங்கலாக ஐக்கிய அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் வாழ்கின்றது. தெற்கே பனாமா வரை சென்றுள்ளது. 1999 இல் நியூயோர்க் நகரின் நடுவிலுள்ள சென்ட்ரல் பூங்காவிலே ஒன்று பிடிபட்டது. சிக்காகோ நகரப் பகுதியில் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி, தொடர்வண்டிப் பாதைகளின் ஓரத்திலும் கல்லறைத் தோட்டங்களிலும் அவை குடும்பமாக வாழ்வதைக் காட்டியது.

இதற்குக் காரணம் இரண்டு. தன்னைக் கொல்லும் பெரும் பகைவனான ஓநாயை மனிதனே அகற்றிக் கொடுத்தமை ஒன்று. யெலோஸ்ரோனில் 1995, 1996 ஆம் ஆண்டுகளில் ஓநாய்களை மீண்டும் கொணர்ந்து விட்டபோது, அவை குடியேறிய பள்ளத்தாக்குகளிற் கொயோட்டியின் தொகை பெரிதும் குறைந்தது இதனை உறுதிப்படுத்தும். மற்றொரு காரணம் அதன் இனப்பெருக்க முறை. ஓர் எல்லைக்குள் வாழும் குடும்பத்திற் பொதுவாகத் தலைமைச் சோடி மட்டுமே ஈனும். ஏனையவை குட்டி வளர்க்கத் துணைநிற்கும். வேட்டையால் எண்ணிக்கை குறைந்தால், எஞ்சியவற்றுக்கு இரை மிகும். இளம் பெண் விலங்குகளும் ஈனத் தொடங்கும். பிழைக்கும் குட்டிகளும் மிகும். வெறுமையான எல்லைக்குள் அயலிலிருந்து இளையவை வந்து குடியேறும். 1975 இற் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொனொலி, லோங்ஹேர்ஸ்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுப் பார்த்தனர். ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 வீதம் தவறாது கொன்றுவந்தாலும் கொயோட்டி இனத்தை அற்றுப்போகச் செய்ய ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பரந்த நாட்டில் அத்துணை வீதம் கொல்லுதல் எவராலும் இயலாத செயல்.

அங்ஙனமாயின் வேட்டையாற் பயனே இல்லையோ எனின், அவ்வாறு கூறுவதும் உண்மையாகாது. இங்கேதான் பொறுமையோடு பகுத்தறிதல் வேண்டும். கலிபோர்னியாவின் ஹொப்லாண்ட் ஆட்டுப் பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 1990 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் ஓர் அரிய உண்மையை வெளிப்படுத்தின. ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்தைத் தம் எல்லைக்குள் வைத்திருந்த, குட்டி வளர்க்கும் தலைமைச் சோடிகளே. வழக்கமான பொறிகளில் அகப்பட்டவையோ பெரும்பாலும் அனுபவமற்ற இளையவை. குற்றம் செய்த சோடியை அகற்றியபோது ஆடுகளின் சாவு சிறிது காலத்துக்குக் குறைந்தது. குற்றமற்ற இளையவற்றை எத்தனை கொன்றும் பயன் விளையவில்லை. யூட்டா, ஐடாகோ மாநிலங்களின் மலை மேய்ச்சல் நிலங்களிலும், ஆடுகள் வருமுன்னர் அந்தந்த இடத்துக் கொயோட்டிகளைக் குளிர்காலத்திற் சுட்டவிடத்து அடுத்த கோடையிற் குட்டிகளின் இழப்புக் குறைந்ததை ஆய்வாளர் கண்டனர். ஆனால் மான்களைப் பெருக்கும் பொருட்டுச் செய்த வேட்டைக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை. ஐடாகோவில் 1997 முதல் 2003 வரை நிகழ்ந்த நீண்ட ஆராய்ச்சியிலே, கொயோட்டியை அகற்றியதால் மான் தொகை குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. குளிர்காலத்தின் கடுமையே மானின் வாழ்வைப் பெரிதும் தீர்மானித்தது.

ஆகவே, இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இன்ன விலங்கு எனத் தெரிந்து செய்யும் வேட்டைக்குப் பயன் உண்டு. ‘எங்கே கண்டாலும் கொல்’ என்னும் வேட்டையால், கொன்றவன் மனம் ஆறுமே அன்றி, அயலிலுள்ள ஆட்டுக்காரனுக்கு நன்மை விளையாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையினும் இது விசித்திரமானது. ஏனெனில், இங்கே வீடு எரிந்த பின்னும் மூட்டைப்பூச்சி மிஞ்சியிருக்கின்றது.

இவ்வுண்மையை உணர்ந்தோர் அந்நாட்டிலேயே உளர். மிசூரி, கன்சாஸ் மாநிலங்கள், தலைக்கு இவ்வளவு என்று பரிசளிப்பதைக் காட்டிலும், எந்த விலங்கு ஆட்டைக் கொன்றது என்பதைத் தடம் பார்த்து அறியவும் அதனை மட்டும் பிடிக்கவும் பண்ணைக்காரருக்குப் பயிற்சி அளிப்பதே மேல் எனக் கண்டன. ஐரோப்பாவின் மலைநாட்டு இடையர் பல நூற்றாண்டுகளாக வளர்த்துவந்த பெரிய வெண்ணிறக் காவல் நாய்களை, 1970 ஆம் ஆண்டுகள் தொட்டு அமெரிக்க ஆட்டுப் பண்ணையாரும் வளர்க்கலாயினர். குட்டியாக இருக்கும்போதே ஆடுகளோடு சேர்த்து வளர்க்கப்படும் அந்நாய், ஆட்டு மந்தையையே தன் சுற்றமாகக் கருதி இரவெல்லாம் காவல் புரியும். கலிபோர்னியாவின் மரின் மாவட்டம், 2000 ஆம் ஆண்டையொட்டி அரச வேட்டைக்காரரின் பணியை நிறுத்தி, அப்பணத்தைக் காவல் நாய்க்கும் வேலிக்கும் உதவித்தொகையாக வழங்கியது. இரவிலே பட்டியில் அடைத்தல், ஈனும் ஆடுகளைக் கொட்டிலுக்குள் வைத்தல், செத்த ஆட்டின் உடலை வெளியே கிடக்கவிடாது புதைத்தல் முதலியன பழைய முறைகளே எனினும் பயன் தருவன. இவற்றுக்கு ஆளும் பொருளும் வேண்டும். சிறு பண்ணையாளர் அச்செலவைத் தனித்துத் தாங்குவது கடினம். விலங்கினைக் காக்க வேண்டும் என்று நகரத்திலிருந்து குரல் கொடுப்போர் அச்செலவிற் பங்கு கொள்ளாவிடின், அவர்தம் இரக்கம் பிறர் கைப்பொருளிற் செய்த இரக்கமாகவே முடியும்.

அமெரிக்காவின் செம்மறியாட்டுத் தொகை 1942 இல் ஏறத்தாழ 5 கோடி 60 இலட்சமாக இருந்தது; இன்று ஏறத்தாழ 50 இலட்சமே. செயற்கை இழையின் வரவும், ஆட்டிறைச்சி உண்போர் தொகை குறைந்தமையும், இறக்குமதியும், இடையர் கிடைக்காமையும் இவ்வீழ்ச்சிக்குப் பெருங்காரணங்கள். சந்தையைச் சுட முடியாது. இழையாலையைப் பொறியிற் பிடிக்க முடியாது. கண்முன்னே ஊளையிடும் கொயோட்டியைச் சுடலாம். தன் வாழ்வு தேய்வதைக் கண்டு கையறுநிலையில் நிற்பவன், கைக்கெட்டிய பகைவனையே முழுப் பகைவனாகக் கொள்வது மனித இயல்பு. கொயோட்டியின் மேல் விழுந்த குண்டுகளிற் சில உண்மையில் அவ்விலங்கின் பொருட்டு எய்யப்பட்டவை அல்ல.

மாற்றத்தின் அறிகுறிகள் இன்று தோன்றியுள்ளன. மிகுதியாகக் கொன்றவர்க்குப் பரிசளிப்பதைக் கலிபோர்னியா 2014 இலும், அத்தகைய போட்டிகளை வேர்மொண்ட் 2018 இலும், நியூ மெக்சிக்கோ 2019 இலும் தடைசெய்தன. வேறு சில மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இச்சட்டங்களை ஆதரித்தோருள் வேட்டைக்காரரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. உண்ணாத ஊனையும் உரிக்காத தோலையும் குவித்துவைத்து எண்ணிக்கைக்குப் பரிசு பெறுவது வேட்டை என்னும் பெயருக்கே இழுக்கு என்பது அவர்கள் வாதம்.

கொயோட்டியை வேட்டையாடுவோர் அனைவரும் கொடியவர் அல்லர்; கொயோட்டியும் குற்றமற்ற விலங்கு அன்று. குட்டியை இழந்த ஆட்டுக்காரன் கேட்பது நீதி. நீதி என்பது குற்றம் செய்ததைத் தேடிக் கண்டறிதல். இனம் முழுவதையும் தண்டித்தல் அன்று. எதற்காகக் கொல்கின்றோம், கொன்றபின் எண்ணியது நிறைவேறியதா என்னும் இரு வினாக்களையும் ஒருசேரக் கேட்கும் வழக்கம் அந்நாட்டிலே ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் வேரூன்றியிருக்குமாயின், எத்தனையோ கழுகுகளும் நாய்களும் நஞ்சுண்டு மடிந்திரா. எத்தனையோ ஆட்டுக்குட்டிகளும் பிழைத்திருக்கும். அவ்வினாக்களை இப்போதாயினும் கேட்கத் தொடங்கிய பண்ணைகளில் இரவுதோறும் ஊளை எழத்தான் செய்கின்றது. கிடையின் நடுவிலே வெண்ணிற நாய் தலை நிமிர்த்தி ஒருமுறை குரைக்கின்றது. ஊளை சற்றே விலகிச் செல்கின்றது. ஆட்டுக்காரன் மீண்டும் கண்ணயர்கின்றான்.